கால் பார்த்து வாசிப்பவர்கள்

நாற்காலி போட்டிருக்கவே கூடாது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நையாண்டி மேளம் என்றால், சாக்கையோ துண்டையோ விரித்துத் தரையில் வட்டமாக உட்காருவதுதான் வழக்கம். நடுவில் விடுகிற இடம் ஆடுகிறவர்களுக்கும் அடிக்கிறவர்களுக்கும் பொது. இந்தச் சித்திரையில் விழாக்குழுப் பிள்ளைகள் மேடை கட்டி, வரிசையாக நாற்காலி போட்டு, மேளக்காரர்களை மேடையின் பின்பக்கம் நிற்கவைத்து, ஆளுக்கொரு மைக்கும் வைத்துவிட்டார்கள். கச்சேரி மாதிரி மரியாதையாக இருக்கட்டும் என்று அவர்கள் நினைப்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குழு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தாளம். பெரிய நாயனக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஐம்பது வருஷமாகக் கரகத்துக்கும் காவடிக்கும் பொய்க்கால் குதிரைக்கும் ஊதுகிறவர். என் அப்பா காலத்தில் இதே களத்துமேட்டில் அவர் ஊதியதை நான் அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். கையில் நரசிங்கம்பேட்டை நாயனம். இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மர உத்திரத்திலிருந்து கடைகிற வாத்தியம் அது. 2022-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. சீவாளியைச் சரிசெய்தபடி மேடையை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் அரைமணி நேரம் எதுவும் கூடிவரவில்லை. ஸ்வரத்தில் பிசகில்லை, தவிலிலும் குறையில்லை. இருந்தாலும் கரகம் ஆடிய பெண்ணின் சலங்கைக்கும் மேளத்துக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பங்காளி, “மைக் செட்டு சரியில்லப்பா” என்றார். மைக் செட்டு நன்றாகத்தான் இருந்தது. முன்னால் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மறைத்ததால் மேளக்காரர்களுக்கு ஆடுகிறவளின் முதுகு மட்டும் தெரிந்தது, கால் தெரியவில்லை. எனக்கு இது உடனே பிடிபட்டதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமல்ல, கியூபா காரணம்.

மாரியம்மன் திருவிழாவில் கியூபாவை இழுப்பது கொஞ்சம் அதிகம்தான். போன வருஷம் ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்து தங்கை மகன் தன் போனில் ஒரு கச்சேரியைக் காட்டினான். ஓர்க்கெஸ்தா அரகோன் என்று பெயர். 1939-ல் சியென்ஃபுவேகோஸ் என்ற துறைமுக ஊரில் ஒரேஸ்தெஸ் அரகோன் என்கிற பாஸ் வாத்தியக்காரர் தொடங்கிய நடன வாத்தியக் குழு. நமக்கு நெல் எப்படியோ அப்படி அவர்களுக்குக் கரும்பு. அந்தச் சர்க்கரை கப்பல் ஏறிய ஊர் அது. புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பாஸ், தோல் வாத்தியங்கள், அதோடு கோடு கோடாகக் கீறிய ஒரு சுரைக் குடுக்கை. குச்சியால் அதைச் சுரண்டுகிறார்கள், அதுதான் அவர்களுக்குத் தாளம். 1948-லிருந்து ரஃபாயெல் லாய் என்ற வயலின்காரர் குழுவை நடத்தியிருக்கிறார். 1982-ல் அவர் இறந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு பொறுப்பு மகன் கைக்கு வந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆள் மாறி ஆள் வந்து இன்னும் வாசிக்கிறார்கள். நம் ஊர் மேளக் குடும்பங்களுக்கு இது அதிசயமே அல்ல.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. வாசிக்கிறவர்கள் யாரும் கண்ணை மூடவில்லை. நம் சபா வித்வான்கள் கண்ணை மூடி ஆலாபனையில் கரைவதைப் பார்த்துப் பழகியவனுக்கு அது விநோதமாக இருந்தது. குழல்காரர், வயலின்காரர், குடுக்கை சுரண்டுகிறவர் எல்லோருடைய கண்ணும் கீழே கூடத்தில், ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களின் கால்மேல் இருந்தது.

அந்தக் குழு உலகம் முழுக்கக் கொண்டுபோன சா-சா-சா என்ற ஆட்டத்தின் கதையும் காலில்தான் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் ஹவானாவில் என்ரிக்கே ஹொர்ரின் என்றொரு வயலின்காரர் இன்னொரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஓடிய மெட்டுகளில் தாளம் சந்துபொந்தில் விழும். ஆடவந்தவர்கள் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறுவதை அவர் கவனித்தார். தடுமாறாத மாதிரி மெட்டை இளக்கிப் போட்டார். பிறகு ஆடுகிறவர்களின் பாதம் தரையில் தேய்ந்த ஓசையே அந்த இசைக்குப் பெயராயிற்று என்று சொல்கிறார்கள். ஒரு வித்வான் ரசிகனுக்குத் தெரியவில்லையே என்று தன் மெட்டை மாற்றிக்கொண்டார் என்றால் மயிலாப்பூரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

தஞ்சாவூர்க்காரனுக்குக் காலின் ஓசை பெயராவது புதிதில்லை. ‘தெய்யா தெய்’ என்ற சொற்கட்டே தரையில் விழுகிற பாதத்தின் பேச்சுதான். தட்டடவு, நாட்டடவு எல்லாம் கால் செய்கிற காரியத்துக்கு வைத்த பெயர்கள். நட்டுவனார் கையில் இருக்கிற தாளத்தில் ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம். அவர் கண் இருக்க வேண்டிய இடம் ஆடுகிறவளின் கால்.

தஞ்சாவூரில் நடனத்துக்கு வாசிப்பது ஒரு காலத்தில் அரசாங்க உத்தியோகம். பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்தால், ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் கொடுத்திருக்கிறான். நட்டுவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் படியளந்ததும் அதே வயல்தான். எண்ணூறு வருஷம் கழித்து, சரபோஜி காலத்தில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நான்கு நட்டுவனார் சகோதரர்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த வயலினை நம் இசைக்குள் இழுத்தவர்களில் வடிவேலு முக்கியமானவர். சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் இழைத்த வயலின் பரிசளித்தார். அதே நூற்றாண்டிலேயே சதிர்க் குழுவில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்து சேர்ந்தது. அந்தக் குழுவுக்குத்தான் சின்ன மேளம் என்று பெயர். ஐரோப்பிய வயலினை எடுத்து ஆட்டக்காரர் காலுக்குப் பழக்கிய வேலையைக் கியூபாக்காரரும் செய்தார்கள், நாமும் செய்தோம். ஒருவரை ஒருவர் கேள்விப்படாமலே.

சின்ன மேளத்தில் எனக்கு ஆச்சரியமானது வாத்தியங்களைவிட அவர்கள் நின்ற இடம். பழைய புகைப்படங்களில் தெரியும்: மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, நட்டுவனார் தாளத்தோடு, துத்திக்காரர் துருத்தியோடு, எல்லோரும் ஆடுகிறவளுக்குப் பின்னால் நிற்பார்கள். அவள் முன்னால் போனால் கூடவே போவார்கள், பின்னால் வந்தால் பின்வாங்குவார்கள். குழுவே ஒரு நிழல் மாதிரி நகரும். 1930-களுக்குப் பிறகு சதிர் பரதநாட்டியமாகிச் சென்னை மேடை ஏறியபோது வாத்தியக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். கிளாரினெட் மெல்ல விடைபெற்றது. பார்க்க அழகுதான், ஆடுகிறவருக்கு மேடை முழுக்கக் கிடைத்தது. ஆனால் சதிரைப் பரம்பரையாகச் சுமந்த பெண்கள் மேடையை விட்டே இறங்கவேண்டி வந்ததும் அதே காலம். உட்கார்ந்த வாத்தியத்தை நினைத்தால் எனக்கு அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

நடந்துகொண்டே வாசிப்பதைப் பெரிய மேளம், அதாவது கோயில் நாயனக் குழு, இன்னும் விடவில்லை. டெல்டாவில் சாமிக்கே ஆட்டம் உண்டு. சப்தவிடங்கத் தலங்கள் ஏழு, ஏழிலும் தியாகராஜருக்கு ஏழு விதமான நடனம். திருவாரூரில் மூச்சின் அசைவு. நாகப்பட்டினத்தில் கடல் அலை. திருக்காறாயிலில் சேவல், திருக்கோளிலியில் வண்டு, வேதாரண்யத்தில் அன்னம். ஆடுவது சாமி என்றாலும் கால் என்னவோ தூக்குகிறவர்களுடையது. வீதியுலாவில் மல்லாரி வாசிக்கிற நாயனக்காரர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைச் சின்ன வயசில் பக்தி என்று நினைத்திருந்தேன். பக்தியும் இருக்கலாம். பாதி அவர் பார்ப்பது தண்டு சுமக்கிறவர்களின் கால்.

திருவிழாவுக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு டீ வந்தது. மேடைக்குப் பின்னால் பெரியவரிடம் போய், “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டேன். டம்ளரை ஆற்றிக்கொண்டே, “முதுகுதான் தெரியுது தம்பி. முதுகுக்கு என்னத்த ஊதுறது?” என்றார். அடுத்து மைக் செட்டுக்காரர் வந்து, மைக்கை விட்டு நகராமல் வாசிக்கச் சொன்னார். பெரியவர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஆட்டம் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நாயனத்தை வாயிலிருந்து எடுக்காமலே பெரியவர் மேடைப் படியில் இறங்கினார். தவில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினார்கள், பம்பையும் வந்தது. கரகம் ஆடியவள் தலையில் செம்பு அசையாமல் மேடை விளிம்பு வரை வந்து பார்த்தாள். பிறகு அவளும் இறங்கிவிட்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். சிலர் மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

நையாண்டி என்றால் கேலி. அந்தக் கேலிக்கு எட்டு அடி தூரமே அதிகம். அவள் வேண்டுமென்றே ஓர் அடியை இழுத்து வைத்தாள். பெரியவர் குனிந்து அவள் பாதத்துக்கு நேராக நாயனத்தின் அணசைக் கொண்டுபோய், அந்த இழுவையை அப்படியே ஊதிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அடுத்த முறை அவள் இழுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு வெடுக்கென்று மூன்று அடி வைத்தாள். தவில் இரண்டைப் பிடித்தது, மூன்றாவதை விட்டுவிட்டது. பெரியவர் தவில்காரரை முறைத்த முறைப்பில் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நான்காவது சுற்றில் மூன்றும் விழுந்தன. சலங்கை எது, தவில் எது என்று பிரிக்கமுடியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பெருவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

மேடையில் ஆளில்லாமல் நின்ற மைக்குகள் ஜெனரேட்டர் இரைச்சலைப் பெரிதாக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து யாரோ போய் அவற்றை அணைத்தார்கள்.