எல்லையைத் தாண்டும் முன்

புதிய கார்களை அடுக்கிச் சுமந்தவாறு எண்ணூர்த் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள் எம் பங்கு மக்களுக்கு அன்றாடக் காட்சி. கப்பலேறும் அக்கார்களுக்குச் சரக்குக் காப்பீடு உண்டு. நம் வீட்டுக் கார் நாட்டெல்லையைத் தாண்டினால் அதற்கு யார் காப்பு?

அண்மையில், துறைமுகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் காரை மந்திரிக்க அழைத்தார். நேபாளம், பூட்டான் வரை குடும்பத்துடன் இரண்டு மாதப் பயணம். புனித நீரைத் தெளிக்குமுன், "இன்சூரன்ஸ் தாளைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். "பணம் கட்டியாயிற்று, சாமி" என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் தம்பியும் இவ்வாறே நேபாளத்திற்குக் காரோட்டிச் சென்றான். அங்கே சைக்கிளில் வந்த தொழிலாளி ஒருவர் மீது கார் மோதிவிட்டது. காப்பீடு இந்திய எல்லையோடு முடிந்துவிட்டதென்று நிறுவனம் கைவிரித்தது. மனைவியின் நகைகளை அடகு வைத்தே அந்த ஏழையின் மருத்துவச் செலவை அவன் கட்டினான். அந்தக் காரை மந்திரித்தவன் நான்தான். தாளைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பெரியவரும் நானும் தாளை விரித்தோம். புவியியல் எல்லை என்ற இடத்தில் 'இந்தியா' என்று மட்டுமே இருந்தது. வங்காளதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கும் அவ்வெல்லையை நீட்டித்துக்கொள்ள 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வழிசெய்தன. முழுக் காப்பீட்டிற்கு 500 ரூபாயும், மூன்றாம் நபர் காப்பீட்டிற்கு மட்டுமெனில் 100 ரூபாயும் கூடுதல் கட்டணமாக அவற்றில் குறிக்கப்பட்டன. ஆயினும் காரைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதம் இந்த நீட்டிப்பில் அடங்காது. மற்ற நாடுகளுக்குச் செல்வோர் அந்தந்த நாட்டிற்குரிய காப்பீட்டைத் தனியே தேட வேண்டும். இன்னொன்றும் கண்டோம்: பெரியவரின் காப்பீடு பயணத்தின் நடுவிலேயே காலாவதியாக இருந்தது!

'மூன்றாம் நபர்' என்பது வறண்ட சட்டச் சொல்லாகத் தோன்றலாம். வழியில் அடிபட்டுக் கிடப்பவரே அந்த மூன்றாம் நபர். காயமுற்றவனைச் சாவடியில் சேர்த்த சமாரியர், மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றுவிட்டல்லவா புறப்பட்டார்?

பத்து நாள் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். புதுப்பித்த காப்பீட்டோடு எல்லை நீட்டிப்புச் சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது. இரு நாடுகளின் பெயர்களையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். அதன் பிறகே புனித நீர்ச் செம்பை எடுத்தேன்.