உடைந்ததை உடைந்தபடி

ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற ஆங்கிலேய ஓவியர் 1817-இல் பாரசீகத்துக்குப் புறப்பட்டபோது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் தலைவர் ஒலேனின் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். அங்கே சிதைந்து கிடக்கும் பழைய நகரமான பெர்சிபோலிஸுக்கு முன்பே போய்வந்தவர்கள் வெளியிட்ட படங்களை ஒலேனின் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். சிற்பம் ஒன்றுதான், படம் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையுங்கள், சிதைந்த இடத்தை நீங்களாகச் சீர்செய்யாதீர்கள் என்பதுதான் அவர் கேட்டது.

கேட்ட இடம்தான் வேடிக்கை. இந்தப் போர்ட்டர் இளம் வயதில் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்த காட்சியைச் சுமார் 120 அடி நீளத் திரையில் தீட்டி, 1800-இல் லண்டனைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்க வைத்தவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. காணாத போரையே அத்தனை நீளத்துக்கு வரைந்த கையிடம்தான், உடைந்த மூக்கை ஒட்டவைக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விளிம்பு உடைந்த மண்சட்டியை மேசைமேல் வைத்து வரையச் சொன்னால், வகுப்பிலேயே கைத்திறன் உள்ள பையன்தான் முழுச்சட்டியை வரைந்து கொண்டுவருவான். கை வராத பையன் திணறித் திணறி உடைசலை வரைந்திருப்பான். திறமை கூடக் கூட, இல்லாததை நிரப்பும் ஆசையும் கூடுகிறது. போர்ட்டர் அந்த ஆசையை அடக்கிக்கொண்டார் என்பதற்குப் பாரசீகத்தின் பசார்கடேயில் ஒரு சான்று உண்டு. அங்கே நான்கு சிறகுகளோடு நிற்கும் உருவத்தின் தலைக்கு மேல், சைரஸ் மன்னன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருந்தது. போர்ட்டர் 1818-இல் அதையும் சேர்த்து வரைந்தார். பிறகு அந்த மேல்பகுதிக் கல் காணாமல் போயிற்று. எழுத்து இருந்ததற்கு இன்று அவரைப் போன்றவர்களின் படங்கள்தான் சாட்சி.

உடைசல் என்பது வெறும் நஷ்டமா? அசீரியரின் நினிவே அரண்மனையில் அகழ்வாளர் லேயார்ட் தோண்டியெடுத்த லாகீஷ் முற்றுகைச் சிற்பங்களைப் பாருங்கள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 701-இல் நடந்த முற்றுகை. மதில்மேல் ஏறும் சாய்தளம், எரியும் பந்தங்கள், பெண்டு பிள்ளைகளோடு வண்டியில் வெளியேறும் குடும்பங்கள், எல்லாம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கடைசியில் சிம்மாசனத்தில் அசீரிய மன்னன் சென்னகெரிப் அமர்ந்திருக்கிறான். தாடியும் உடையும் அவ்வளவு வேலைப்பாடு. முகம் மட்டும் இல்லை. வேண்டுமென்றே கொத்தியிருக்கிறார்கள். கி.மு. 612-இல் மீடியரும் பாபிலோனியரும் நினிவேயை வீழ்த்தியபோது நடந்ததாக இருக்க வேண்டும். அந்த அரசனிடம் அடிபட்ட நாடுகளின் கோபம் அந்தக் கொத்தலில்தான் இருக்கிறது. அழகான முகம் ஒன்றை யாராவது அங்கே வரைந்து வைத்தால் சிற்பியின் வேலை முழுமையாகலாம். கொத்தியவன் சொன்னது அழிந்துபோகும்.

வரையப் போனவர்கள் பட்ட பாட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை. தாமஸ் பெல் என்ற இளைஞரைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அனுப்பியது; பாவியான் பாறைச் சிற்பங்களை வரையப் போன இடத்தில், 1851-இல், கீழே ஓடும் ஆற்றில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். அவருக்கு முன் வந்த ஓவியர் கூப்பர் உடல் நலிந்து ஊர் திரும்பினார். கோர்சாபாத்தில் பழைய தீயில் வெந்த கற்கள் காற்றுப் பட்டதும் உதிர்ந்தன. 1844-இல் வந்து சேர்ந்த ஓவியர் பிளாந்தேன் அவசர அவசரமாக வரைய வேண்டியிருந்தது. 1855 மே மாதம் 200-க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு டைகிரிஸில் இறங்கிய படகும் தெப்பங்களும் குர்னா அருகே கொள்ளையர் கையில் சிக்கி மூழ்கின. அவற்றில் போன அஷுர்பனிபால் மன்னனின் அரண்மனைச் சிற்பங்கள் சிலவற்றை, ஓவியர் வில்லியம் பவுச்சர் வரைந்து வைத்த தாள்களில்தான் இன்று பார்க்கிறோம்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் கார்ஸ்டன் நீபூர். என் மனசுக்கு நெருக்கமானவரும் அவரே. 1761-இல் டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு அனுப்பிய அறிஞர் குழுவில் அவர் நில அளவைக்காரர். குழுவின் ஓவியர் பாவுரன்ஃபைண்ட் 1763-இல் பம்பாய்க்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்தார். ஒவ்வொருவராகப் போய், கடைசியில் நீபூர் மட்டும் மிஞ்சினார். 1765 மார்ச்சில் தன்னந்தனியாகப் பெர்சிபோலிஸ் போய், வெயிலில் கண்கூச நின்று, சிற்பங்களையும் ஆப்பெழுத்துக் கல்வெட்டுகளையும் படியெடுத்தார். அந்த எழுத்தை அப்போது உலகில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பொருள் தெரியாத கோடுகளை ஒன்றுகூட மாற்றாமல் எழுதுவது எத்தனை அலுப்பான வேலை என்பது படியெடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எழுத்தில் மூன்று வகை இருப்பதை மட்டும் குறித்துவைத்தார். அர்த்தம் கற்பிக்கப் போகவில்லை. 1802-இல் கிரோட்டஃபெண்ட் என்ற ஜெர்மானியர் அந்தப் படிகளை வைத்துக்கொண்டுதான் டாரியஸ், செர்க்சஸ் என்ற மன்னர் பெயர்களைப் பிரித்தறிந்தார். அப்போது நீபூர் உயிரோடுதான் இருந்தார். முதுமையில் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் கிழக்கில் கண்ட காட்சிகளை நேற்றுப் பார்த்தவர் போலச் சொல்வாராம். அவருடைய மகன் எழுதியிருக்கிறார்.

இவர்கள் இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் தம்பியின் மணிவிழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அப்பாவைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பா ரங்கூனில் கணக்கப்பிள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் ஊர் வந்தார். நடுவில் இருந்த வருஷங்களைப் பற்றி, இருந்தவரைக்கும் வாய் திறக்கவில்லை. அம்மா கேட்டாலும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவர் போனபிறகு உறவுக்காரர்கள் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பிவிட்டார்கள். ஒருவர் காட்டு வழியே நடந்து வந்தார் என்கிறார். இன்னொருவர் நேதாஜியோடு கைகுலுக்கவே வைத்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா எழுந்து போனது எனக்குத் தெரியும். அதை அழித்துவிட்டு அங்கே ஒரு வீரரை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லவில்லை என்று எழுதி, கீழே நான்கு வரி இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்துக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. காலியாக விட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள், அந்த இடத்தில் ஒரு பூ போட்டுத் தரட்டுமா என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.