குட்டிக்கு ஒரு பெயர்

எம் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அயலார் ஜிம்மி என்றனர், ரைகர் என்றனர். துரைமார் போய் எத்தனை காலமாயிற்று! எம்மூர் நாய்களை இன்னும் அவர்தம் மொழியிலேயே அழைக்கின்றோம்.

'லைக்கா' என்றோம் நாம், பெருமிதத்தோடு. 1957 நவம்பர் 3இல் சோவியத் நாட்டின் இரண்டாம் ஸ்புட்னிக்கில் ஏறிப் பூமியை வலம்வந்த மொஸ்கோத் தெருநாய் அது.

"அது திரும்பி வந்ததா, அப்பா?" என்றாள் மகள்.

திரும்புவதற்கான ஏற்பாடே அக்கலத்தில் இருக்கவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பந் தாங்காது அது இறந்த உண்மையோ 2002இல்தான் வெளிவந்தது. இவற்றை அறிந்திருந்துமே நாம் அப்பெயரைச் சூட்ட முனைந்தோம். சொன்னோம். அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

குட்டிக்கு இன்னும் பெயரில்லை. 'வா, வா' என்றால் ஓடி வருகிறது.