அரண்மனைக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி

பிரைட்டன் பெவிலியன் போட்டோவைப் பார்த்தா ஏதோ வடநாட்டு நவாப் அரண்மனைன்னுதான் தோணும். உருண்டை உருண்டையா குவிமாடம், ஒல்லியா மினார். ஆனா இருக்கிறது இங்கிலாந்துக் கடற்கரையில. பின்னாளில் நாலாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் தன் உல்லாசத்துக்குக் கட்டின மாளிகை. விக்டோரியா ராணிக்கு இது ஒத்து வரலை. 1850ல் ஊர்க்காரங்களுக்கே வித்துட்டாங்க.

1914 டிசம்பரில் இந்த மாளிகையில வந்து படுத்தவங்க நம்ம நாட்டு சிப்பாய்கள். பிரான்ஸ் போர்முனையில் அடிபட்டவங்க. பஞ்சாபிகள், கூர்க்காக்கள், கார்வாலிகள். சரவிளக்கு தொங்குற ஹாலில் வரிசையா கட்டில், மொத்தம் 700க்கு மேல. இந்து, முஸ்லிம், சீக்கியருக்குத் தனித்தனியா ஒன்பது சமையல்கட்டு, தண்ணிக் குழாய்கூட தனி. 1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் நேரில் வந்து, விஷவாயுவில் அடிபட்ட மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் குத்திவிட்டார்.

இதெல்லாம் உண்மையான கவனிப்புதான், மறுக்கலை. ஆனா "ராஜா தன் அரண்மனையையே உங்களுக்கு விட்டுக் கொடுத்தார்"ங்கிற மாதிரி படம் போட்டுப் புத்தகம் அடிச்சு ஊரெல்லாம் பரப்பினாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அது கைமாறி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சே! இன்னொரு பக்கம், சுத்தி வேலி. நினைச்சபடி வெளியே போக முடியாது. எழுதற கடிதத்தை சென்சார் படிப்பான். எல்லாத்தையும்விடக் கொடுமை, காயம் ஆறினவனைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினது. சிப்பாய்களோட கடிதங்களில் அதிகம் புலம்பல் இதைப் பத்தித்தான்.

பிரைட்டனில் இறந்துபோன இந்து, சீக்கியர் 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டில் தகனம் பண்ணாங்க. அங்கே 1921ல் திறந்த சத்ரி இன்னும் இருக்கு. முஸ்லிம்களை வோக்கிங்கில் அடக்கம் பண்ணாங்க.

1916 தொடக்கத்தில் இந்திய ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. அதே மாளிகை கை கால் இழந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஆஸ்பத்திரி ஆச்சு. வைத்தியத்தோட நிக்காம, தொழிலும் கத்துக் கொடுத்தாங்க. அப்போ நம்ம ஊர்ல ஊனமாகித் திரும்பினவங்க கதி?

எங்க வன்னியம்பட்டிப் பக்கம் மிலிட்டரிக்காரர்னா பென்ஷன், டிரங்குப் பெட்டி, கேண்டீன் சாமான், இவ்வளவுதான் ஜனங்க நினைப்பு. செத்தவனுக்கு நடுகல் வெச்ச நாடு இது. ஒத்தைக் காலோட வந்தவனுக்கு என்ன செஞ்சோம்னு யாரும் கேட்டதில்லை.

தேடினதில் ஒண்ணு கிடைச்சுது. 1917ல் லேடி வில்லிங்டன் முயற்சியில், ஊனமுற்ற இந்திய சிப்பாய்களுக்குத் தொழில் சொல்லித்தர பம்பாயில் குயின் மேரி பேரில் ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க. அப்புறம் அது புனே பக்கம் கட்கிக்கு மாறிடுச்சு. குவிமாடம் இல்லை, சரவிளக்கு இல்லை. அதனாலயோ என்னவோ பெவிலியனுக்கு இருக்கிற பேர் இதுக்கு இல்லை. புனேயில இருக்கிற நண்பர்கள் யாராவது அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு ஒரு பதிவு போட்டா நல்லா இருக்கும்.