ஃபெரினா என்பது அவர் பெயரல்ல

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பழைய மௌனப் படம் பார்த்தோம். ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் எடுத்த குறும்படம். வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தெருவில் ஒன்றாகச் சேர்ந்து சேட்டை செய்கிறார்கள். அதில் ரொம்பச் சின்னதாக ஒன்று. தலை முழுக்கக் குட்டிக் குட்டிச் சடை, சடைக்கு ஒரு துணி முடிச்சு, உடம்புக்குப் பொருந்தாத கிழிந்த சட்டை. அது பயந்துபோய்க் கண்ணை உருட்டியபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

படம் முடிந்ததும், கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அந்தப் புள்ளையோட உண்மையான பேரு என்ன?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிரிக்கத் தெரிந்த எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் தேடிப் படித்தோம்.

அவர் பெயர் ஆலன் ஹாஸ்கின்ஸ். 1920 ஆகஸ்டில் பிறந்தவர். 1922-இல் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளர் 'அவர் கேங்' என்ற குறும்பட வரிசையைத் தொடங்கியபோது ஆலனுக்கு இரண்டு வயது. 1931 வரை 105 படங்களில் நடித்தார். 1920களில் அந்தப் பிள்ளைகளிலேயே மக்கள் அதிகம் விரும்பிய முகங்களில் ஒன்று அவருடையது. ஆனால் உலகம் அவரை அறிந்தது 'ஃபெரினா' என்ற பெயரில். ஃபெரினா என்றால் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் கோதுமை ரவை.

இரண்டு வயதுப் பிள்ளையை 'அவர்' என்று எழுதுவது சிலருக்கு விநோதமாக இருக்கலாம். நம் தாத்தாக்களின் நரைத்த தலையைப் பார்த்தும் 'வாடா, போடா' என்று கூப்பிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஒரு பிள்ளைக்கு முன்கூட்டியே மரியாதை கொடுப்பதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அதே படங்களில் நடித்த மிக்கி டேனியல்ஸ் திரையிலும் மிக்கிதான். மேரி கோர்ன்மன் மேரிதான். ஜோ காப் ஜோதான். அவர்கள் வெள்ளையினப் பிள்ளைகள். ஆலனோ ரவை. அவருடைய தங்கை ஜானியும் சில படங்களில் நடித்தார். அவருக்கு வைத்த பெயர் 'மேங்கோ', அதாவது மாம்பழம். 1930களில் வந்த பில்லி தாமஸ் என்ற கறுப்பினச் சிறுவனுக்கு 'பக்வீட்' என்று ஒரு தானியத்தின் பெயர். பின்னாளில் வெள்ளையினப் பிள்ளைகள் சிலருக்கும் பட்டப்பெயர் வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் சொந்தப் பெயரோடு திரைக்கு வரும் வாய்ப்பு யாருக்கு எளிதில் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

ஆலனுக்கு முன்பே அதே நிறுவனத்தில் இருந்தவர் எர்னி மாரிசன். 1912-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். 1919-இல் ஹால் ரோச்சிடம் நீண்டகால ஒப்பந்தம் பெற்றார். ஹாலிவுட்டில் அப்படி ஒப்பந்தம் பெற்ற முதல் கறுப்பின நடிகர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1921-இல் அவரை நாயகனாக்கி ஒரு குறும்படம் வந்தது. அது தனித் தொடராக வளரவில்லை. மறுவருடம் அவர் கூட்டத்தில் ஒருவராக நின்றார்.

இனி ஆலனின் வேடத்துக்கு வருவோம். சடை, கிழிசல், எதைக் கண்டாலும் நடுங்குவது, இதெல்லாம் அந்தப் பிள்ளையிடம் இருந்து வந்தவை அல்ல. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய 19ஆம் நூற்றாண்டு மேடையிலிருந்து வந்த அச்சு அது. அந்த அச்சுக்குள் ஒரு குழந்தையைத் திணித்தார்கள். சில படங்களில் அவர் சிறுவன், சில படங்களில் சிறுமி.

மௌனப் படத்தில் பேச்சை அட்டையில் எழுதிக் காட்டுவார்கள். ஆலனின் வாய் அசையும்; அடுத்து அட்டை வரும். அதில் கொச்சையாக, உடைந்த ஆங்கிலத்தில் வசனம் இருக்கும். வாய் அவருடையது, வார்த்தை வேறொருவருடையது. அவர் உண்மையில் எப்படிப் பேசினார் என்று பார்வையாளர்களுக்குத் தெரியவே தெரியாது. 1929-இல் அந்த வரிசை பேசும் படமாக மாறிய பிறகும் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் பேச வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று சட்டமே இருந்த காலம் அது. அந்தப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-இல்தான். அதற்கு முப்பது வருடம் முன்பே, ஒரே தெருவில், ஒரே விளையாட்டில் இரு இனப் பிள்ளைகளையும் இந்தப் படங்கள் சேர்த்துக் காட்டின. அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஒன்றாக விளையாட விடுவது வேறு, ஒரே மரியாதையோடு நடத்துவது வேறு. விளையாட்டில் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கும்போது மட்டும் தள்ளி நிற்கச் சொன்ன நண்பர்கள் நம்மில் பலருக்கு இருந்திருக்கிறார்கள். வித்தியாசம் நமக்குப் புரியும்.

1931-இல் ஆலன் அந்த வரிசையை விட்டு வெளியேறினார். பிறகு கிடைத்தவை சில சிறு வேடங்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார். திரும்பி வந்தபோது சினிமாவில் அவருக்கு இடமில்லை. வடக்குக் கலிஃபோர்னியாவில் மனநலப் பணியாளராகவும், மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காகவும் பல வருடம் உழைத்தார். தன்னைப் பார்த்து உலகம் சிரித்த காலத்தை விட, அவர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்ட காலம்தான் அதிகம். அந்த வாழ்க்கையைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

1975-இல் கறுப்பினத் திரைக்கலைஞர்களுக்கான புகழ் மன்றம் அவரைக் கௌரவித்தது. அவரைத் தேடி வந்து மதித்தவர்கள் அவருடைய மக்கள்தான். 1980 ஜூலையில் ஓக்லாந்து நகரில் இறந்தார்.

ஓக்லாந்து என்றதும் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். 1966-இல் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர் அது. அந்தப் பெயரிலிருந்து உரம் பெற்று 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அடுத்தவன் வைத்த பெயரை உதறிவிட்டு, தன் பெயரைத் தானே சூட்டிக்கொண்ட மக்களின் வரலாறு அது. அந்த ஊர் மண்ணில்தான் ஆலன் ஹாஸ்கின்ஸ் புதைக்கப்பட்டார், பெயர் பொறித்த கல் இல்லாத குழியில்.

தோழர்களே, நம் ஊர்த் திரையிலும் கறுத்த உடம்பைக் காட்டிச் சிரிக்க வைக்கும் காட்சிகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்கு நாமும் சிரித்துப் பழகியிருக்கிறோம். அடுத்த முறை சிரிப்பு வரும்போது அந்தத் தங்கை கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் தேடுங்கள். கண்டுபிடித்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வட்டத்தில் அந்தப் படத்தை மறுபடியும் போட்டோம். இந்த முறை ஆலன் திரையில் வந்ததும் அந்தத் தங்கை சத்தமாக அவர் பெயரைச் சொன்னாள்.

ஜெய் பீம்.