சிறுவனும் கடற்கரையும்

சித்தூர்ப் பகுதித் தமிழராகிய நமக்கு மலை உண்டு, ஏரி உண்டு, மழை தவறாத ஆண்டுகளில் ஆறும் உண்டு. கடல் மட்டும் இல்லை. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்த நாள்தொட்டு அதன் எல்லை எவ்விடத்தும் கடலைத் தொட்டதில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருப்பதி தனி மாவட்டமானபோது, சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் சேர்ந்தமையால், ஏழுமலை அடிவாரத்தில் வாழ்வோர் ஒரே நாளில் கடலுடைய மாவட்டத்தார் ஆயினர். ஆயினும் அரசாணையால் வந்த கடல் ஆவணத்திலேயே இருக்கின்றது. திருப்பதித் தெருக்களில் வளரும் பிள்ளைக்குக் கடல் இன்னும் படத்தில் கண்ட பொருளே.

அத்தகைய பிள்ளையை முதன்முதலாகக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? கேள்வி எளிதாகத் தோன்றும். ஓரிடத்தில் இரண்டு நிமிடம் நில்லாத பிள்ளையாக இருப்பின் அது எளிதன்று. அதைப் பற்றியே சில சொற்கள் எழுதத் துணிந்தேன்.

யான் சித்தூரில் பிறந்து திருப்பதியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தனாகப் பணியாற்றுபவன். எங்களைப் போன்றோர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை என ஒன்று உண்டு. அதற்கென 1988-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. குடும்பம் என்றால் யார் யார், குறுகிய வழி எது, எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்பனவெல்லாம் அவற்றில் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. ஆறு வயதுச் சிறுவனை மூன்று நாள் மணலில் எவ்வாறு மகிழ்வுடனும் உயிருடனும் வைத்திருப்பது என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை!

பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம் செல்ல முடிவாயிற்று. என் தாயாரும் உடன் வந்தார். திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் ரயில் ரேணிகுண்டா, புத்தூர் கடந்து நகரி மலையின் பக்கமாக ஓடுகிறது. ஆங்கிலேயர் 'நகரி மூக்கு' என வழங்கிய சிகரம் அங்கே வானைக் கிழித்து நிற்கும். முற்காலத்தில் சென்னைக் கரையை நாடி வந்த மாலுமிகளுக்குக் கடலிலிருந்தே தெரியும் அடையாளமாக அச்சிகரம் விளங்கியது. "நம் மலையைக் கடல் பார்த்திருக்கிறது, நீதான் இன்னும் கடலைப் பார்க்கவில்லை" என்று மகனிடம் கூறினேன். அதன் பின் அரக்கோணம் வரையில் அவன் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை.

மாமல்லபுரத்தில் முதல் மாலை, வேடிக்கை காட்டுவதில் கழிந்தது. பலூன் வாங்கினோம், காற்று அதைக் கொண்டுபோயிற்று. சுண்டல் வாங்கினோம்; இரண்டு வாய் உண்டபின் பொட்டலம் மணலில் கவிழ்ந்தது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமே நின்றது. ஆறாம் நிமிடம் அவன் கால்கள் தாமாகவே அலையை நோக்கி ஓடின. அவன் பின்னே அவன் தாய் ஓட, அவள் பின்னே யான் ஓட, எங்கள் விடுமுறை ஓட்டப் பந்தயமாயிற்று.

ஓடியதற்குக் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரைக் கடல் பார்ப்பதற்கு இனியது, இறங்குவதற்குக் கொடியது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது பல இடங்களில் ஒடுங்கிய கால்வாய் போல ஒன்றுகூடி, விசையுடன் உள்நோக்கிப் பாயும். சுற்றிலும் அலை உடைந்து நுரைக்க, ஓரிடம் மட்டும் அமைதியாகத் தோன்றும். அறியாதார் அதுவே பாதுகாப்பான இடம் என எண்ணி இறங்குவர். உண்மையில் ஆளை இழுத்துச் செல்லும் நீரோட்டம் பல வேளைகளில் அங்கேதான் இருக்கும். வளர்ந்தவர்களையே இழுக்கும் அந்நீருக்கு ஆறு வயதுப் பிள்ளை ஒரு பொருட்டன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் செய்ததை என் தாயார் மறந்தாரில்லை. "தண்ணீர்ப் பக்கம் விடாதேப்பா" என்பதே அன்று மாலை முழுதும் அவர் கூறிய மந்திரம்.

அச்சமும் ஒருவகையில் நன்மை செய்தது. மறுநாள் விடியலில், பேரனை அலையிலிருந்து அகற்ற வழி தேடிய என் தாயார், கரையில் நெடுந்தொலைவு மேலே அமர்ந்துகொண்டு, "கண்ணா, எனக்கு இங்கே ஒரு வீடு கட்டிக் கொடு, வெயில் வருவதற்குள் குடிபுக வேண்டும்" என்றார். சிறுவன் நின்றான். அவனிடம் இதற்குமுன் யாரும் வீடு கேட்டதில்லை. "எத்தனை அறை வேண்டும், பாட்டி?" என்றான். அதன்பின் இரண்டு மணி நேரம் அவன் அவ்விடத்தை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் உண்மை எனக்கு விளங்கிற்று. துறுதுறுப்பான பிள்ளைக்கு வேண்டுவது வேடிக்கை அன்று, வேலை. வேடிக்கையில் அவன் வெறும் பார்வையாளன். பார்த்து முடிந்ததும் சலிப்பு வந்துவிடும். வேலையில் அவன் தலைவன். முடியும் வரையில் சலிப்பில்லை. நாம் பிள்ளைகளுக்குப் 'பொழுது போக்க' வழி தேடுகிறோம். அவர்களோ பொழுதை ஆக்க விரும்புகின்றனர்.

வீட்டுக்குக் கிணறு வேண்டுமென்றார் பாட்டி. முழங்கை ஆழம் தோண்டியதும் குழியின் அடியில் நீர் ஊறிற்று. அவன் கூவிய கூவலில் காக்கைகள் எழுந்து பறந்தன. சுவருக்கு உலர்ந்த மணல் நிற்காது என்பதையும், நீர் மிகுந்த மணல் கூழாய்ச் சரியும் என்பதையும், அளவாக நனைந்த மணலே நிற்கும் என்பதையும் அவனே கண்டுகொண்டான். மணல்துகள்களின் இடையே உள்ள சிறிதளவு நீர், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய பாலங்களாக அமைகின்றது. நீர் நிரம்பிவிட்டால் பாலங்கள் மறைந்து பிடிப்பும் போய்விடுகின்றது என்பர் அறிவியலார். இதைப் பள்ளியில் சொல்லித் தர ஒரு பாடவேளை தேவைப்படும். இங்கே ஒரு கொட்டாங்கச்சியே ஆசிரியராயிற்று.

இவ்விளையாட்டு நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைக்கின்றனர், வண்டல் அயர்கின்றனர். பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தோர் ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றை வைத்தனர். சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வரும் குறும்பனை நோக்கி, "சிதையாதே" என வேண்டும் பருவம் அது. ஆண்டாளும் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தை இதற்கென்றே பாடினார். ஓடும் பிள்ளை, கட்டும் பிள்ளை, சிதைக்கும் பிள்ளை ஆகிய மூவரையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாம் நாள் வேலை நண்டுகளைக் கணக்கெடுப்பது. மணல் நண்டு உலர்ந்த கரையில் வளை தோண்டி வாழ்வது. வாயிலில் சிறுசிறு மணல் உருண்டைகளைக் குவித்திருக்கும். ஆளரவம் கேட்டதும் பக்கவாட்டில் பாய்ந்து மறையும். அதன் கால் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குமாறு அமைந்திருப்பதே அந்த ஓட்டத்துக்குக் காரணம். பழந்தமிழர் நண்டை அலவன் என்றனர். அலவனை விரட்டி விளையாடுவதை அலவனாட்டல் என்றனர். வளைகளை எண்ணிக் குச்சியால் மணலில் கோடு கிழிக்குமாறு மகனிடம் கூறினேன். 43 வரை எண்ணினான். 43-ஆவது நண்டு வேறு வளைக்குள் நுழைந்துவிட்டதாம். ஆதலால் கணக்கு செல்லாது என்று கூறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். தணிக்கையாளர் எவரும் அத்துணைக் கண்டிப்புடன் இருந்து யான் கண்டதில்லை.

இங்கே நம் சங்கத்தார் கருதத்தக்க ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகன் பயில்வது தெலுங்கும் ஆங்கிலமும் வழங்கும் பள்ளி. வீட்டில் தமிழ் பேசினாலும் அவன் நாவில் மணல் என்பது 'இசுக'. நண்டு என்பது 'எண்ட்ரகாய'. தெலுங்கு நமக்கு அயல்மொழி அன்று. அண்டை வீட்டு மொழி. அதை அவன் நன்கு கற்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆயினும் தன் பாட்டியுடன் பேசும் மொழியில் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைக் காணும்போது நெஞ்சு வருந்தாமல் இராது. வீட்டில் பல முறை திருத்தியும் நில்லாத சொற்கள் கடற்கரையில் தாமாகவே வந்து ஒட்டின. கிளிஞ்சல் என்றால் எது, சங்கு என்றால் எது என்று அறிந்தால்தானே பாட்டியின் வீட்டுக்கு வேண்டியதைப் பொறுக்கி வர முடியும்? வேலைக்குத் தேவைப்பட்ட சொல்லை அவன் மறக்கவில்லை. 'அல' என்று தெலுங்கில் கூறியவன் 'அலை' என்று கேட்டதும், "இரண்டும் ஒன்றுதானே!" என்று வியந்தான். அவ்வியப்பும் ஒரு மொழிப்பாடமே.

செல்ல விரும்புவோர்க்குச் சில நடைமுறைகள். விடியல் முதல் ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்கு மேலும் மணலில் இருக்கலாம். இடையில் உள்ள வெயில் பிள்ளைக்கு ஆகாது. வேலைக்களத்தை அலை எட்டாத மேட்டில் அமைத்தல் வேண்டும். கால் நனைக்க ஆசை வருவது இயற்கை. அப்போது பெரியவர் ஒருவர் கையைப் பற்றியபடி, கணுக்கால் அளவு நீரில், கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்க வேண்டும். "யார் பார்த்துக்கொள்வது?" என்பதை வாய்திறந்து சொல்லி முடிவு செய்தல் நன்று, எல்லோரும் பார்க்கும் பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை. காணும் பொங்கல் நாளில் மெரினாவில் காவல்துறையினர் சிறுவர் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுகின்றனர். அவ்வழக்கத்தை எந்நாளும் எக்கரையிலும் நாமே பின்பற்றலாம். கருவிகளுக்குச் செலவு வேண்டா. ஒரு சொம்பு, ஒரு பழைய கரண்டி, இரண்டு கொட்டாங்கச்சி போதும்.

திரும்பும் வழியில் மெரினாவில் சிறிது நேரம் நின்றோம். "இவ்வளவு மணலை யார் கொண்டுவந்து கொட்டியது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் கரையோரமாகக் கடல் ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியபின் அம்மணல் தடுக்கப்பட்டுத் தென்புறம் தங்கிற்று. ஒரு காலத்தில் மிக அருகில் இருந்த கடல் விலகிச் சென்றது. அங்கே உலாவிடம் அமைத்து மெரினா எனப் பெயரிட்டவர் 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப். "அப்படியானால் கடலும் மணலில் வேலை செய்கிறதா?" என்றான். ஆம் என்றேன்.

நற்றிணையின் 172-ஆம் பாடலில் ஒரு செய்தி வருகிறது. சிறுமியர் வெண்மணலில் புன்னைக் காயை அழுத்தி மறைத்து விளையாடினர். பின் அதை மறந்து போயினர். அது முளைத்தது. அவர்கள் அதற்கு நெய்யும் பாலும் ஊட்டி வளர்த்தனர். அம்மரத்தை உங்கள் தங்கை என்றாள் அன்னை. ஆதலின் அதன் நிழலில் காதலனுடன் சிரித்துப் பேச நாணுகிறாள் தலைவி. விளையாட்டில் விதைத்தது விளையாடியவரும் அறியாமல் வேர்கொள்ளும் என்பதற்கு இதனினும் அழகிய சான்று வேண்டுமோ?

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் பாட்டரங்கமும் நடத்துகின்றனர். அவை தொடரட்டும். அவற்றுடன் ஆண்டுக்கு ஒருநாள், நம் பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாம் என்பது என் விண்ணப்பம். பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர் காவல். உடன் வர இயன்ற பாட்டிமார் எத்தனை பேராயினும் நன்று. உரை எதுவும் வேண்டா. ஒவ்வொரு பாட்டியும் ஒரு வீடு கேட்டால் போதும்.