பென்டிரைவில் கிடைத்த முத்து

ரெண்டு நாளாகப் பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, தாத்தா சொன்ன முத்துக்குளிப்புக் கதைகளைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தவர். உப்புக்காற்றில் அந்தப் பெட்டி துருவேறி நின்றுபோனது. பென்டிரைவில் இருந்த பிரதியைப் புது லேப்டாப்பில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. "எல்லாம் போச்சு மக்கா" என்றார்.

ஒன்றும் போகவில்லை. அவர் அடித்தது பாமினி எழுத்துருவில். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் தெரியாது. யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. அவர் கோப்பை யூனிகோடுக்கு மாற்ற, என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். சில நொடிதான்.

திரையில் முதலில் வந்த வரி: "கடலுக்குள்ள இறங்குறவன் கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பான். அக்கா தாலி அவனுக்குப் பெரிசுல்லா."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியம்மா சிப்பி ஒட்டிக்கொண்டிருந்த பசைக்கையோடு ஓடிவந்து, வாய்விட்டுப் படித்தார்.

தூத்துக்குடியில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதில் மூழ்கி எழுந்தவர்களின் குரல் இனி இப்படிப்பட்ட கோப்புகளில்தான் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். ரெண்டு இடத்தில் பிரதி வையுங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்க வேண்டியவர்கள் இப்போது நாம்தான்.